கடலோர ஊர் குடும்ப ப்ரூவரி கிராஃப்ட் பீர், பிரிட்போர்ட் போய் குடிச்ச கதை (நீளமா இருக்கும், பொறுமையா படிங்க)

#1 கரமடி

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு இருந்து இப்பதான் கை வந்துச்சு, 2018 செப்டம்பர்ல போனது, போட்டோ எல்லாம் பழைய போனோட செத்துப்போச்சு அதனால வெறும் எழுத்துதான்.

நான் இருக்கிறது இங்கிலாந்துல பிரிஸ்டல். அங்கேருந்து தெக்கால ரெண்டு மணி நேரம் கார்ல போனா டார்செட் கடற்கரை, அதுல பிரிட்போர்ட்னு ஒரு சின்ன ஊர். உண்மைய சொன்னா அந்த ஊர் மேல எனக்கு ஆசை வந்தது பீரால இல்ல, வலையால. எங்க வீட்ல மூணு தலமுறையா கரமடி (கரையில நின்னு இழுக்குற வலை) இழுத்தவங்க, நான்தான் கம்ப்யூட்டர் தட்டப் போனவன். பிரிட்போர்ட் எண்ணூறு வருசமா கயிறும் வலையும் செய்ற ஊர், 1213லயே ஜான் ராஜா கப்பலுக்கு கயிறு ராத்திரி பகலா திரிச்சு அனுப்புங்கடான்னு உத்தரவு போட்டிருக்கான். விம்பிள்டன் டென்னிஸ் வலை கூட இந்த ஊர் சரக்குதான். அந்த காலத்துல ஒருத்தன தூக்குல போட்டா "பிரிட்போர்ட் கத்தியில குத்துப்பட்டான்"னு சொல்வாங்களாம், அந்த கத்தி வேற ஒண்ணும் இல்ல, தூக்குக் கயிறு.

சரி பீருக்கு வரேன். ஊரோட தெக்கு ஓரத்துல பிரிட்னு ஒரு சின்ன ஆறு, அதோட கரையில பாமர்ஸ் ப்ரூவரி. 1794ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவங்களும் வலைக்காரங்கதான், கண்ட்ரி குடும்பம். 1896ல பாமர்னு ரெண்டு அண்ணன் தம்பி வாங்கினாங்க, அதுலேருந்து நான் போன அன்னிக்கு வரைக்கும் அதே குடும்பம், கொள்ளுப்பேரனுங்க ரெண்டு பேர் அதுவும் அண்ணன் தம்பிதான் நடத்திட்டு இருந்தாங்க. கட்டடத்துல ஒரு பகுதிக்கு கூரை வேய்ஞ்சிருக்கு, நிஜ கூரை, ஓட்டுக்கு மேல அலங்காரத்துக்கு போட்டது இல்ல. பக்கத்துல ஆத்துல பெரிய இரும்பு தண்ணிச் சக்கரம். பாத்தா பீர் காய்ச்சுற ஆலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பெரியப்பா வீட்டு நெல்லு மில்லு மாதிரி இருந்துச்சு.

சுத்திக் காட்டுன பெரியவர் முதல்ல ஒரு பிடி மால்ட் (முளைகட்டி காய வச்ச பார்லி) குடுத்து மெல்லச் சொன்னாரு. வறுத்த கோதுமையும் பால் பவுடரும் கலந்த மாதிரி, கூடவே லேசா இனிப்பு. அப்புறம் பீருக்கு கசப்பும் வாசனையும் குடுக்குற காஞ்ச ஹாப்ஸ் பூ ரெண்ட உள்ளங்கையில வச்சு தேச்சு மோந்து பாருன்னாரு. முதல்ல திருநீத்துப்பச்சிலை, அடுத்த செகண்ட் நார்த்தங்காய் தோலு, கடைசில கையில பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்ட கசப்பு, அது சாயங்காலம் சோப்பு போட்டு கழுவியும் போகல. அந்த கையோட கண்ண வேற தேச்சுட்டேன், அது தனி கதை.

அங்க குடிச்சது ருசி பாக்க கொஞ்சம் கொஞ்சம்தான். உண்மையான குடி அப்புறம் வெஸ்ட் பே துறைமுகத்துல ஒரு பப்ல, ப்ரூவரிலேருந்து ரெண்டரை கிலோமீட்டர் கூட இருக்காது (வண்டி ஓட்டினது வீட்டுக்காரி, கேக்குறவங்களுக்கு முன்கூட்டியே பதில்). நாலு பீரும் அரை அரை பைண்ட் (ஒரு பைண்ட்னா அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல):

காப்பர் ஏல் (ஏல்ங்கறது இங்கிலாந்தோட பழைய பீர் வகை), 3.7 சதவீதம். இதுதான் எனக்கு ஆச்சரியம். இவ்ளோ கம்மி ஆல்கஹால்ல தண்ணி மாதிரிதான் இருக்கும்னு நெனச்சேன். டீ டிகாக்‌ஷன் நெறம், ஒரு வாய் குடிச்சா முதல்ல பிஸ்கட், முழுங்கின பிறகு நாக்கு பின்னாடி ஒரு சின்ன கசப்பு வந்து அடுத்த வாய்க்கு கூப்பிடுது.

டார்செட் கோல்ட், 4.5. வெளிர் மஞ்சள், வெயிலுக்கு நல்லா இருக்கும், அன்னிக்கு வெயில் இல்ல. அவ்ளோதான்.

200, சரியா 5. ப்ரூவரிக்கு 200 வயசானப்ப 1994ல போட்டது, பேரு அதான். கடலைமிட்டாய் பாகு லேசா கருகினா ஒரு வாசனை வருமே அது, அதுக்கு அடியில ஆரஞ்சு தோலு. இத நான் முழு பைண்டா திரும்ப வாங்கினேன்.

டாலி ஹோ, 5.5. கறுப்பு இல்ல, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா நல்ல செவப்பு. பேரீச்சம்பழம், கருப்பட்டி, எங்கயோ ஒரு வாதாங்கொட்டை. இத வேகமா குடிக்க முடியாது, குடிக்கவும் கூடாது.

நாலுமே சில்லுனு இல்ல, நுரையும் பெருசா இல்ல. எனக்கு அது பழகிருச்சு, உங்களுக்கு எப்படின்னு தெரியல. வெளிய காத்து, கப்பல்துறை சுவத்துல அலை அடிக்குற சத்தம், கையில கடையில வாங்குன வறுத்த மீனு. இந்த பீர அந்த ஊர்ல குடிக்கணும்ங்க, அத சொல்லத்தான் இவ்ளோ எழுதுனேன்.

#2 சோடாபுட்டி

அண்ணே எல்லாம் சரி, பாராட்டுக்கள், கருப்பட்டி வாதாங்கொட்டை எல்லாம் ஓகே. ஆனா சில்லுனு இல்லாத, நுரை இல்லாத பீரு. அத காசு குடுத்து வாங்கினீங்க. எங்க ஏரியா கடையில ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆனப்ப இதே பீரு குடுத்தாங்க, நாங்க சண்டை போட்டோம்.

#3 கரமடி

சிரிச்சுட்டேன். ஆனா சுடு பீர் இல்லப்பா, 11, 12 டிகிரி இருக்கும். மண்பானை தண்ணி குளிர்ச்சின்னு வச்சுக்க, ஃப்ரிட்ஜ் தண்ணி இல்ல.

#4 மாடரேட்டர்

மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்கு கேடு. போட்டாச்சு. தொடரலாம். 21 வயசுக்கு கீழ உள்ளவங்க சமையல் பகுதிக்கு போகவும், அங்க மோர்க்குழம்பு இழை நல்லா போய்ட்டு இருக்கு.

#5 மால்ட்_மாமி

சோடாபுட்டி, வா இங்க. நான் பெங்களூர்ல ஒரு மைக்ரோ ப்ரூவரில வேலை பாக்குறேன், இந்த கேள்வி வாரத்துக்கு பத்து தடவ கேக்குறேன்.

நீ குடிக்கிறது லாகர். அத ஃபில்டர் பண்ணி, ஈஸ்ட்ட கொன்னு இல்லேன்னா வடிச்சு எடுத்து, வெளியிலேருந்து கார்பன் டை ஆக்ஸைடு ஏத்தி அடைச்சது. அதுல இருக்கறத விட இல்லாதது அதிகம், அதனால 3 டிகிரில குடிச்சா நஷ்டம் இல்ல. கரமடி குடிச்சது காஸ்க் ஏல், அதாவது பீப்பாய்லயே பக்குவமாகற ஏல். அது பீப்பாக்குள்ள போகும்போது இன்னும் உயிரோட இருக்கு. ஈஸ்ட் உள்ளயே மிச்ச சக்கரைய தின்னுண்டு இருக்கும், அதுல வர்ற கேஸ்தான் அந்த கொஞ்சூண்டு நுரை, வெளியிலேருந்து ஒண்ணும் ஏத்தறதில்ல. பப் நிலவறையில பீப்பாய படுக்க வச்சு, மேல துளையில ஸ்பைல்னு ஒரு மர ஆப்பு சொருகுவா. முதல்ல மெத்து மரம், அதிகப்படி கேஸ் அது வழியா வெளிய போகும். சத்தம் அடங்கினப்புறம் கெட்டி மரம், இருக்கற கேஸ் உள்ள நிக்கறதுக்கு. அப்புறம் அடிபம்பு மாதிரி ஒரு கைப்பிடிய இழுத்து இழுத்து க்ளாஸ்ல ஏத்துவா. எலெக்ட்ரிசிட்டி கூட வேண்டாம்.

ரொம்ப குளிர வச்சா வாசனை மேல கிளம்பாது, நாக்கும் மரத்துப் போகும். ஐஸ்ல வச்ச மாம்பழத்த அப்படியே வெட்டி தின்னு பாரு, புரியும்.

நுரை விஷயம் இன்னொண்ணு. இங்கிலாந்துல வடக்க போனா குழாய் நுனியில ஸ்பார்க்ளர்னு சின்ன சின்ன ஓட்டை போட்ட மூடி மாட்டுவா, நம்ம டீ ஆத்தற மாதிரி நுரை வந்துடும். தெக்க டார்செட் பக்கம் பெரும்பாலும் மாட்டறதில்ல. இதுக்காக அந்த ஊர்க்காரா பப்ல அடிச்சுக்காத குறை.

#6 தவறணை_தம்பி

கரமடி அண்ணை, வாசிக்கவே வாயூறுது. நான் இஞ்ச லண்டனில 20 வருசமா இருக்கிறன், உந்தப் பக்கம் ஒருக்காவும் போகேல்ல. வந்த புதுசில இந்த வெதுவெதுப்புப் பியரை வாங்கி ஒரு வாய் குடிச்சிட்டு அப்பிடியே வச்சிட்டு வந்தனான். எங்கட ஆக்களுக்கு பியர் எண்டா லயன் ஸ்டவுட் எண்ட கறுப்புப் பியர்தான், இலங்கையில நுவரெலியாவில துவங்கி இப்ப பியகமவில செய்யிறாங்கள், 8.8 சதவீதம். தமிழ்க் கடையில வாங்கலாம். ரெண்டு போத்தலோட கதை சரி.

ஆனா மாமி சொன்ன உயிரோட இருக்கிற கதைதான் எனக்குப் பிடிச்சது. எங்கட பனங்கள்ளும் உதே கதைதானே. காலமை இறக்கினது இனிப்பு, மத்தியானம் நல்ல பதம், பின்னேரம் புளிச்சிடும். என்ர ஐயா தவறணைக்கு (கள்ளுக்கடைக்கு) போற நேரத்தை மணிக்கூடு பாத்துத்தான் போவார், பத்தரைக்கு ஒருக்கா, அதுக்குப் பிறகு தந்தாலும் வேண்டாம் எண்டுவார். எந்த மரம் எண்டு கேட்டுக் குடிக்கிற மனிசன். கள்ளைப் போத்தலில அடைச்சு விக்கிறாங்கள்தான், ஐயா அதைத் தொடவும் மாட்டார், செத்த கள்ளு எண்டுவார்.

#7 கரமடி

செத்த கள்ளு!!! தம்பி இந்த வார்த்தைக்காகவே இந்த இழை ஆரம்பிச்சதா வச்சுக்கறேன். நான் ஒரு பக்கம் எழுதி சொல்ல முடியாதத உங்க ஐயா ரெண்டு வார்த்தையில சொல்லிட்டாரு.

நம்ம தமிழ்நாட்டுல கள்ளுக்கு 1987லேருந்து தடை, அதனால என் வயசுக்காரனுங்களுக்கு அந்த நேரம் பாத்து குடிக்கிற பழக்கமே தெரியாது. எங்க தாத்தாவுக்கு தெரியும். மடி இழுத்து முடிச்சு கரைக்கு வந்ததும்னு ஒரு கணக்கு வச்சிருந்தாரு.

#8 பாம்பன்காரன்

பீர் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் குடிக்கிறதில்ல. ஆனா மாமிகிட்ட ஒரு கேள்வி. எங்க ஊர்ல கூறல் மீன் மாட்டுச்சுன்னா அன்னிக்கு திருவிழாதான். மீனுக்கு இல்ல, அதோட வயித்துல இருக்க நெட்டிக்கு, அந்த காத்துப்பைக்கு. வெட்டி எடுத்து காயப்போட்டு ஏஜென்ட் எடுத்துட்டு போவான், வெளிநாட்டுல சூப்பு வைக்கவும் பீரு ஒயினு தெளிய வைக்கவும்னு சொல்வாங்க. சின்ன வயசுலேருந்து கேட்டுட்டு இருக்கேன், யாரும் எப்படி தெளியுதுன்னு சொன்னதில்ல. சும்மா கதையா நெஜமா?

#9 மால்ட்_மாமி

நெஜம். சுத்த நெஜம். இதுக்கு ஐசிங்க்ளாஸ்னு பேரு. பீப்பாய்ல ஈஸ்ட் மெதந்துண்டே இருந்தா பீர் கலங்கலா இருக்கும். காஞ்ச நெட்டிய லேசான ஆசிட்ல கரைச்சா கொழகொழன்னு ஒரு கூழ் வரும், அது கொலாஜன், நேர் மின்னூட்டம் உள்ளது. ஈஸ்ட்டுக்கு எதிர் மின்னூட்டம். ரெண்டும் ஒட்டிண்டு கட்டி கட்டியா கீழ உக்காந்துடும், மேல பீர் கண்ணாடி மாதிரி. கலங்கின தண்ணிக்கு தேத்தாங்கொட்டை இழைச்சு விடுவாளே, அந்த மாதிரின்னு வச்சுக்கோங்கோ.

முன்னாடி ரஷ்யாலேருந்து ஸ்டர்ஜன் மீனோடது வாங்கிண்டு இருந்தா, யானை விலை. 1795ல வில்லியம் மர்டாக், நீராவி எஞ்சின் வேலை பாத்தாரே அதே ஆள், காட் மீன்லேருந்து மலிவா எடுக்க வழி கண்டுபிடிச்சார். லண்டன் ப்ரூவர்கள் எல்லாம் அவருக்கு நல்ல தொகை குடுத்தா.

எல்லாரும் போடறாங்கன்னு இல்ல, பாமர்ஸ்ல என்ன பண்றான்னு நான் சொல்ல வரல. காஸ்க் பீர்ல பொதுவா இருந்த பழக்கம் இது.

#10 சைவப்பூனை

ஒரு நிமிசம். ஒரு நிமிசம். பீர்ல மீனா??? நான் பதினஞ்சு வருசமா முட்டை போட்ட கேக் கூட தொடாம இருக்கேன், லண்டன் ட்ரிப்ல நாலு பைண்ட் குடிச்சிருக்கேன். அம்மாவுக்கு தெரிஞ்சா பீர் குடிச்சதுக்கு திட்ட மாட்டாங்க, இதுக்கு திட்டுவாங்க.

#11 சோடாபுட்டி

மச்சி அயிரை மீன் குழம்பு வாசம் வந்துச்சா அதுல

#12 மால்ட்_மாமி

சைவப்பூனை பயப்படாதே, அது அடியில படிஞ்சுடும், க்ளாஸ்ல வர்றது ஒண்ணுமே இல்லாத அளவு. ஆனாலும் கொள்கைன்னா கொள்கைதான், நியாயம். இப்ப நிறைய பேர் விட்டுட்டா. கின்னஸ் பீர் கம்பெனியே 2015ல இனிமே வேண்டாம்னு அறிவிச்சா. தெளிய வைக்காத பீர்னு கேட்டா சின்ன ப்ரூவரிகள்ல கலங்கலாவே குடுப்பா, அதுக்கு தனி கூட்டம் இருக்கு.

#13 பாம்பன்காரன்

நன்றி மாமி. நாளைக்கே எங்க அண்ணன்கிட்ட சொல்றேன், கொழகொழ கூழு ஈஸ்ட்ட புடிக்குதுன்னு. அவன் நம்ப மாட்டான். வலை போட்டு புடிச்ச மீனோட நெட்டி பீருக்குள்ள போய் அங்கயும் வலை போடுதுன்னு சொல்லிப் பாக்குறேன்.

#14 நாக்குமருத்துவர்

இழையை முழுசா படிச்சேன். கரமடி எழுதுனது ரசனையா இருக்கு, ஆனா ஒரு சந்தேகம், தப்பா எடுக்காதீங்க. கடல் காத்து, அலை சத்தம், லீவு, பக்கத்துல மனைவி, கையில வறுத்த மீனு. இந்த நெலமையில எனக்கு கோலி சோடா குடுத்தாலும் கருப்பட்டி வாசனை வரும். "அந்த ஊர்ல குடிக்கணும்"னு சொல்றதுல பீருக்கு எவ்ளோ, லீவுக்கு எவ்ளோ? கடலோரம்னா பீர்ல உப்பு காத்து ஏறும்னு கூட சில பேர் எழுதறாங்க, சுத்த உடான்ஸ். இன்னொண்ணு, 1794ல ஆரம்பிச்சு அம்பது பப் வச்சிருக்க கம்பெனிய "கிராஃப்ட்"னு எப்படி சொல்றது? தாடி வச்சவன் கேரேஜ்ல காய்ச்சுனாதானே கிராஃப்ட்.

#15 மால்ட்_மாமி

உப்பு காத்து உடான்ஸ்தான், ஒத்துக்கறேன். கொதிக்கற கொப்பரையில காத்து என்ன பண்ணும். தண்ணி முக்கியம், காத்து இல்ல. ஜிப்சம் இருக்கற தண்ணி ஹாப்ஸ் கசப்ப தூக்கிக் காட்டும், இங்கிலாந்துல பர்ட்டன்ங்கற ஊர் பீருக்கு பேர் வாங்கினது அப்படித்தான். உப்பு போட்ட பீர் வேணும்னா ஜெர்மனில கோஸ்னு ஒண்ணு இருக்கு, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு புளிப்பா காய்ச்சறது. அந்த ஊர் கோஸ்லார், லைப்சிக் பக்கம் எல்லாம் கடலே கிடையாது, வேடிக்கை.

கிராஃப்ட் வார்த்தைக்கு சண்டை போடாதேங்கோ. அமெரிக்க ப்ரூவர் சங்கம் வருசத்துக்கு 60 லட்சம் பீப்பா வரைக்கும் "சின்ன" ப்ரூவரிங்கறது. அந்த கணக்குல பாமர்ஸ் எறும்பு. இங்கிலாந்துல 1971ல கேம்ரான்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு, பெரிய கம்பெனிகள் கேஸ் அடைச்ச பீர திணிக்கறதுக்கு எதிரா சண்டை போட்டா. அவா "ரியல் ஏல்"னு காப்பாத்தினதுல இந்த மாதிரி பழைய குடும்ப ஆலைகள்தான் நிறைய. டப்பாவுல பழ ஜூஸ் மாதிரி கலங்கலா வர்றதுக்கு கிராஃப்ட்னு பேர் வந்தது அப்புறம்.

#16 கரமடி

நாக்குமருத்துவர் கேள்வி உள்ள குத்திருச்சு. ரெண்டு விஷயம் சொல்றேன், ரெண்டும் எனக்கு எதிராவே போகலாம்.

முதல் விஷயம். ஊர் திரும்பி ஒரு மாசம் கழிச்சு எங்க வீட்டுக்கு பக்கத்துல ஒரு பப்ல (பேர் வேண்டாம்) இதே மாதிரி ஒரு காஸ்க் ஏல் வாங்கினேன், வேற ஆலையோடது. க்ளாஸ் பாக்க நல்லா இருந்துச்சு. வாய்ல வச்சா பழைய சோத்து தண்ணி மூணாம் நாளுக்கு வருமே ஒரு புளிப்பு, அது, மூக்குல வினிகர் ஏறுது. கவுன்டர்ல இருந்த பையன்கிட்ட சொன்னா "ரியல் ஏல் இப்படித்தான் சார் இருக்கும், உங்களுக்கு பழக்கமில்ல"ங்கறான். எனக்கு பழக்கமில்லையாம். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு வெள்ளக்கார பாட்டி என் க்ளாஸ வாங்கி ஒரு சிப்பு குடிச்சுட்டு மூஞ்சிய சுளிச்சு அவன்கிட்ட நீட்டுச்சு, அப்புறம்தான் மாத்திக் குடுத்தான். நான் சொன்னா ஏறல, பாட்டி சொன்னா ஏறுது, சரி விடுங்க. பீப்பா தொறந்து எத்தன நாள் ஆச்சுன்னு கேட்டா அவனுக்கே தெரியல.

இதுலேருந்து எனக்கு புரிஞ்சது, பீர் பாதி ஆலையில முடியுது, மீதி பாதி நிலவறை பாக்குற ஆள் கையில இருக்கு. வெஸ்ட் பேல அந்த பப்ல கூட்டம், ஒரு பீப்பா மளமளன்னு காலியாகுது, ஆலை கூப்பிடு தூரம்.

ரெண்டாவது விஷயம் அசிங்கம். ப்ரூவரி கடையில 200ம் டாலி ஹோவும் பாட்டில்ல வாங்கிட்டு வந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு நண்பன வச்சு பரீட்சை வச்சோம். அந்த ரெண்டு, கூட சூப்பர்மார்க்கெட்ல வாங்கின வேற ரெண்டு கறுப்பு ஏல், மொத்தம் நாலு. நெறம் பாத்து கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு அவன் சமையல்கட்டு கதவ சாத்திட்டு நாலு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி அடியில ஸ்டிக்கர் ஒட்டி கொண்டு வந்தான். (எவர்சில்வர்ல பீர் குடிச்சா மருந்து குடிக்கிற மாதிரியே இருக்கு, அது வேற.) ஃப்ரிட்ஜ்லேருந்து நேரா. எனக்கு புடிச்ச 200ன்னு நான் கண்ண மூடி சத்தியம் பண்ணி எடுத்தது சூப்பர்மார்க்கெட் சரக்கு. டாலி ஹோவும் தப்பு. நண்பன் சிரிச்ச சிரிப்புல அவன் பையன் தூக்கத்துலேருந்து எந்திரிச்சுட்டான்.

அப்புறம் டம்ளர எல்லாம் மேல தட்டு போட்டு மூடி முக்கா மணி நேரம் விட்டோம், இட்லி சாப்ட்டோம், அவன் இடம் மாத்தி மாத்தி வச்சு திரும்ப குடுத்தான். இந்த தடவ டாலி ஹோ மோந்த உடனேயே தெரிஞ்சுது, அந்த பேரீச்சம்பழம் அப்படியே வந்துச்சு. 200 மறுபடியும் தப்பு.

அதனால நாக்குமருத்துவரே, உங்களுக்கு பாதி மார்க்.

#17 சோடாபுட்டி

நாலுல ஒண்ணு. இதுக்கு நான் கண்ண மூடி காசு சுண்டியிருப்பேன். ஆனா அண்ணே இத மறைக்காம எழுதுனதுக்கு ஒரு சலாம், எங்க ஆளுங்க யாரும் எழுத மாட்டானுங்க.

#18 மால்ட்_மாமி

பரீட்சையே தப்பு கரமடி, மனச விடாதேங்கோ. நாலு கொடுத்து பேர் சொல்லுன்னா எங்க ஆட்களே திணறுவா. நாங்க வேலையில பண்றது முக்கோண பரீட்சை. மூணு க்ளாஸ், ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற. எது ஒத்தையா இருக்குன்னு மட்டும் சொல்லணும். குருட்டாம்போக்குல மூணுல ஒரு தடவ சரியா வரும், அதனால பல தடவ திருப்பித் திருப்பி வச்சு பாக்கணும்.

தவிர நீங்க குடிச்சது காஸ்க் 200, வீட்ல வச்சது பாட்டில் 200. பேர் ஒண்ணு, கேஸ் வேற, நாக்குல உக்கார்ற விதமே வேற. தவறணை_தம்பியோட அப்பா செத்த கள்ளுன்னு சொன்னாரே, அதான். டாலி ஹோ கெட்டியான பீர், அது பயணத்த தாங்கும். லேசான பீர் தாங்காது. உங்க காப்பர் ஏல பாட்டில்ல தேடி அலையாதேங்கோ.

அந்த வினிகர் பப் பையன் விஷயம். தொறந்த பீப்பாய்ல எடுக்க எடுக்க அந்த இடத்துக்கு காத்து போகும், காத்தோட அசெட்டிக் பாக்டீரியா. சாதாரண ஃபர்க்கின் பீப்பான்னா 9 கேலன், 72 பைண்ட். மூணு நாளுக்குள்ள தீரணும். தினம் பத்து பேர் குடிக்கற பப்ல ஆறு வகை காஸ்க் வச்சா அது ஊறுகாய்தான். அடுத்த தடவ எது வேகமா ஓடறதுன்னு கேட்டு அத வாங்குங்கோ, பிடிச்சத இல்ல.

#19 நாக்குமருத்துவர்

பாதி மார்க் போதும், வாங்கிக்கறேன். மூடி வச்சு முக்கா மணி நேரம் கழிச்சு வாசனை வந்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அது லீவும் இல்ல அலையும் இல்ல, அதுக்கு நான் எதிர்ப்பு சொல்ல முடியாது. இந்த வாரம் நானும் ஒண்ண வெளிய எடுத்து வச்சுப் பாக்குறேன். வீட்ல கெட்டுப்போச்சுன்னு ஊத்திடாம இருக்கணும்.

#20 சைவப்பூனை

நான் அம்மாகிட்ட சொல்லிட்டேன். "மீனுங்கறது அப்புறம், பீர்னு முதல்ல ஏதோ சொன்னியே"ன்னாங்க. நான் இழையிலேருந்து விடைபெறுகிறேன்.

#21 தவறணை_தம்பி

கரமடி அண்ணை, வாற மே மாசம் ரெண்டு குடும்பமாப் போவம் எண்டு இருக்கிறம். லண்டனிலயிருந்து ரெயின் நேர போகுமோ? காரில போனா நான் குடிக்கேலாது, மனிசி லைசென்ஸ் எடுக்கேல்ல. பிள்ளையளுக்குப் பாக்க ஏதும் இருக்கோ? அதோட வறுத்த மீன் கடை எது, நல்ல காரம் ஒண்டும் எதிர்பாக்கேல்ல, எண்ணெய் பழசில்லாம இருந்தாக் காணும்.

#22 கரமடி

ட்ரெயின் கிடையாது தம்பி. பிரிட்போர்ட்டுக்கு இருந்த கிளை ரயில 1975ல மூடிட்டாங்க. டார்செஸ்டர் இல்லேன்னா ஆக்ஸ்மின்ஸ்டர் வரைக்கும் ட்ரெயின்ல வந்து அங்கேருந்து பஸ் புடிங்க, பஸ் கடலோரமா ஏறி இறங்கி போகும், மேல் மாடி முன் சீட்டு கிடைச்சா பிள்ளைங்க பீர விட அதத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. கடைசி பஸ் நேரம் முதல்லயே பாத்து வச்சுக்கங்க, டாலி ஹோ ரெண்டாவது அரை பைண்ட்ல அது மறந்துடும்.

மீன் கடைங்க துறைமுகத்த சுத்தி பெட்டிக்கடை மாதிரி வரிசையா இருக்கும், கூட்டம் நிக்குற கடையில நில்லுங்க, மாமி பீருக்கு சொன்ன அதே கணக்கு. கடல்காகம் தலைக்கு மேல சுத்தும், என் மீனுல பாதி அதுக்குத்தான் போச்சு, பிள்ளைங்க கையில குடுக்காதீங்க.

பாக்கறதுக்கு மஞ்சள் நெறத்துல செங்குத்தா ஒரு மணல்பாறை மலை, அடியில உக்காராதீங்க, அப்பப்ப சரியும். அங்கேருந்து கிழக்கால செசில் கடற்கரை ஆரம்பிக்குது, 29 கிலோமீட்டர் வெறும் கூழாங்கல்லு. வெஸ்ட் பே முனையில கல்லு பட்டாணி சைஸ், போகப் போக பெருசாகி அந்த கோடி போர்ட்லாண்ட்ல உருளைக்கிழங்கு சைஸ். ராத்திரி இருட்டுல கரை ஒதுங்குன மீன்காரன் கல்ல கையில எடுத்துப் பாத்தே எந்த இடத்துல இருக்கோம்னு சொல்லிடுவானாம். எங்க தாத்தா இருந்திருந்தா நம்பியிருப்பாரு. பிள்ளைங்க பைல ரொப்பிட்டு வருவாங்க, விடாதீங்க, அங்க கல்லு எடுக்க தடை.